‘டிஸ்கஸ்டிங்’ வரும் இடமெல்லாம் ‘அருவருப்பு’ போடலாமா? டப்பிங் வசனத்துக்கு யோசனை தேவை

வசனமேசை:
ஓர் ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் டப்பிங் வசனம் தயாராகிறது. கதை டொரன்டோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. நான்கு இடங்களில் ‘டிஸ்கஸ்டிங்’ என்ற ஒரே சொல் வருகிறது. முதல் வரைவில் நான்கிலும் ‘அருவருப்பா இருக்கு’ என்று போட்டிருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் ஒன்றுகூட ஒட்டவில்லை.

1. ஃபிரிட்ஜில் மறந்துபோன குழம்பைத் திறக்கிறார்கள், உள்ளே புழு. இளம்பெண் சொல்வது.
2. கணவன் லஞ்சம் வாங்கியது மனைவிக்குத் தெரியவருகிறது.
3. கல்யாண மண்டபத்தில் ஓர் ஆள் ஒரு பெண்ணைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். பக்கத்தில் இருக்கும் பெரியம்மா காதில் விழுகிறது.
4. எட்டு வயதுப் பையன் தட்டில் வெண்டைக்காயைப் பார்க்கிறான்.

இன்னொன்று: அருவருப்பு, அருவெறுப்பு, அறுவறுப்பு என்று மூன்று விதமாகக் கண்ணில் படுகிறது. எது சரி?

சொற்கட்டு:
எழுத்தை முதலில் முடித்துவிடலாம். ‘அருவருப்பு’தான் சரி, இரண்டு இடத்திலும் இடையின ‘ரு’. ‘அருவெறுப்பு’ என்று எழுதுகிறவர்கள் உள்ளே ‘வெறுப்பு’ இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ‘அருவரு’ என்பதுதான் வினையடி. அருவருக்கிறேன், அருவருத்தேன், அருவருப்பேன் என்று ஓட்டிப் பாருங்கள், ‘வெ’ நுழைய இடமே இல்லை. ‘அறுவறுப்பு’ என்று எழுதினால் அறுப்பது ஞாபகம் வரும்.

பொருளிலும் இந்த வெறுப்பு–அருவருப்புக் குழப்பம் இருக்கிறது. வெறுப்பு மனதில் நாள்பட வளர்வது. காரணம் சொல்லலாம், கணக்கு வைக்கலாம். பேச்சில் ‘வெறுத்துப்போச்சு’ என்றால் சலித்துவிட்டது என்றுதான் அர்த்தம், ‘வெறுப்பேத்துறான்’ என்றால் எரிச்சலூட்டுகிறான். அருவருப்பு அப்படியில்லை. நாக்கு, மூக்கு, தோல், கண் இவற்றில் ஒன்று பின்வாங்க வேண்டும். யோசித்து வருவதல்ல, யோசிக்கும் முன்பே வந்துவிடுவது.

வேற்றுமையும் கவனிக்க வேண்டியது. உணர்கிறவருக்கு ‘கு’ வரும்: ‘எனக்கு அருவருப்பாக இருக்கிறது.’ பொருளுக்கு ‘அதைத் தொட’, ‘அதைப் பார்க்க’ என்று ஒரு செயலைக் கொடுத்தால்தான் வாக்கியம் தமிழாகும். ‘அவள் அதை அருவருத்தாள்’ என்பது பிழையில்லை, ஆனால் அது எழுத்துநடை. யாரும் வாயால் சொல்வதில்லை.

ஒரு படிக்கட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பது முதல் படி. அடுத்தது அருவருப்பு. அதற்கும் மேலே குமட்டல், அதாவது வயிறு கலங்கி மேலே வருவது. அப்புறம் ஓங்கரிப்பு; தொண்டை வரை வந்து சத்தம் மட்டும் வரும், ஓக்காளம் என்றும் சொல்வார்கள். கடைசியில் வாந்தி. திகட்டல் இந்த வரிசையில் சேராது. அளவுக்கு மேல் இனிப்போ நெய்யோ சாப்பிட்டால் வருவது அது, நல்ல பண்டத்திலும் வரும். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பதால் இந்தப் படிகளை ஒன்றாக்கிவிடக் கூடாது.

உங்கள் 1ஆம் காட்சிக்கு உணர்ச்சியின் பெயரே வேண்டாம். தமிழில் இதைச் சொல்லும் வரிசை வேறு: முதலில் ஒரு சத்தம், பிறகு கண்ணில் பட்டது, பிறகு உடம்பில் நடப்பது. ‘ஐயே! புழு நெளியுது! வயித்தப் பொரட்டுது, மூடு மூடு!’ அவ்வளவுதான். ‘நெளியுது’ என்ற சொல் செய்யும் வேலையை ‘அருவருப்பா இருக்கு’ செய்யாது. கெட்டுப்போன உணவுக்குத் தமிழில் துல்லியமான சொற்கள் குவிந்து கிடக்கின்றன: சோறு ஊசிப்போகும், குழம்பு நூல் விடும், ஊறுகாயில் பூஞ்சாணம் பூக்கும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மீன் கழுவிய பாத்திரத்தில் கவுச்சி நிற்கும், இறைச்சி அழுகினால் முடைநாற்றம். எந்தப் பொருள் என்று பார்த்து இவற்றில் ஒன்றை எடுங்கள்.

நாத்தழும்பு:
வெண்டைக்காய்க்கும் அதே விதிதான். ‘கொழகொழன்னு இருக்கு, உவ்வே.’ எட்டு வயதுப் பையன் ‘அருவருப்பு’ என்று சொன்னால் பள்ளி நாடகம் ஆகிவிடும். ‘உவ்வே’ என்பது வாந்தியின் சத்தமே சொல்லானது. பிள்ளைகள் அதை நீட்டிச் சொல்வார்கள், பெரியவர்கள் சொன்னால் கிண்டல் தொனி வந்துவிடும்.

சத்தங்களில் உயிரெழுத்து மாறினால் அர்த்தமே மாறும், வசனம் எழுதுகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். ‘ச்சீ’ என்றால் அருவருப்பு. ‘ச்சே’ என்றால் ஏமாற்றம், ‘பஸ் போயிடுச்சே’ என்கிற வகை. ‘ச்சேச்சே’ என்றால் மறுப்பு: ‘ச்சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல.’ ‘சீ போ’ என்று குரலை இறக்கி இழுத்தால் அது செல்லம், வெட்கம். புழுவைப் பார்த்து ‘ச்சே’ என்று எழுதிக் கொடுத்தால் குரல் கொடுப்பவர் குழம்பு வீணானதற்கு வருந்துவது போலத்தான் பேசுவார். அவர் மேல் தப்பில்லை.

‘சீ’ மிகப் பழைய சொல். திருவெம்பாவையின் இரண்டாம் பாட்டில் ‘சீசி இவையுஞ் சிலவோ’ என்று தோழிகள் ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள். செல்லமாகக் கடிந்துகொள்ளும் ‘சீ’ அன்றைக்கே இருந்திருக்கிறது.

‘தூ’, ‘த்தூ’ என்பது துப்புகிற சத்தம். பொருளைப் பார்த்துச் சொன்னால் அருவருப்பு, ஆளைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பு. 2ஆம் காட்சியில் மனைவி ‘த்தூ’ என்றால் உறவே முறிந்துபோன மாதிரி இருக்கும். அந்த அளவுக்குக் காட்சி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனமேசை:
‘ச்சே’ எங்கள் வரைவில் இரண்டு இடத்தில் இருக்கிறது, மாற்றுகிறோம். கருமம், கண்றாவி இரண்டும் இன்றைக்கு இளைஞர்கள் வாயில் அதிகம் புழங்குகின்றன. 3ஆம் காட்சியில் பெரியம்மாவுக்குக் ‘கருமம் கருமம்’ பொருந்துமா?

நாத்தழும்பு:
மண்டபத்தில் பொருந்தாது. காரணம் அந்தச் சொல்லின் பாதையில் இருக்கிறது.

கருமம் என்றால் முதலில் செயல், வேலை. ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்பது குறள் 505. அங்கே அருவருப்பு துளியும் இல்லை. பிறகு வினைப்பயன், தலைவிதி என்ற பொருள்: ‘எல்லாம் என் கருமம்.’ இன்னொரு பக்கம் இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு: கருமாதி, கருமாந்திரம். ‘என்ன கருமமோ’, ‘கருமாந்தரம் புடிச்சது’ என்று முகம் சுளிக்கும்போது இந்த இரண்டு நிழலும் சேர்ந்தே விழுகின்றன. இளைஞர்களுக்கு அது வெறும் சலிப்புச் சொல்லாகிவிட்டது. ஆனால் அறுபது எழுபது வயதுப் பெண்மணி, தாலி கட்டும் இடத்தில், சாவுச் சடங்கை வாயால் சொல்ல மாட்டார். மண்டபத்துக்கு வெளியே சொல்வார், வீட்டுக்குப் போய்ச் சொல்வார். அங்கே வைத்து அவர் சொல்லக்கூடியது: ‘சிவ சிவா… பேசுற பேச்சா இது? காது கூசுது.’ அல்லது நேராக அந்த ஆளிடமே, ‘வாயக் கழுவு மொதல்ல.’

கண்றாவி வேறு ரகம். கண்ணராவி என்பதன் தேய்வு. கண்ணை அரம் வைத்து அராவுவது போன்ற காட்சி. பழைய பயன்பாட்டில் பரிதாபம்தான் முன்னால் நின்றது: பார்க்கப் பொறுக்காத துயரக் கோலம். இப்போது பரிதாபம் போய் அருவருப்பும் கேலியும் மிஞ்சியிருக்கின்றன: ‘என்ன கண்றாவி டிரெஸ் இது.’ கண்ணை வைத்துப் பிறந்த சொல் என்பதை மறக்க வேண்டாம். நாற்றத்துக்கு அது அவ்வளவாக ஒட்டாது.

பனையோலை:
கதை டொரன்டோவில் எண்டு போட்டிருக்கிறீங்கள். அந்தப் பெரியம்மா யாழ்ப்பாணத்தில பிறந்தவ எண்டால் மேல சொன்னதில பாதி மாறும்.

எங்கட பக்கம் முதல்ல வாற சொல் ‘அரியண்டம்’. தொந்தரவு, அசிங்கம், எரிச்சல் மூண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சொல். ‘அரியண்டமாக் கிடக்கு’ எண்டால் பொருளைப் பற்றி, ‘அரியண்டம் பிடிச்சவன்’ எண்டால் ஆளைப் பற்றி. மண்டபக் காட்சிக்கு ‘சீ, என்ன அரியண்டக் கதை கதைக்கிறான்’ எண்டு போட்டால் அப்பிடியே பொருந்தும். பேசுறதை அங்கே ‘கதைக்கிறது’ எண்டுதான் சொல்லுவினம், அதையும் மாத்துங்கோ.

தோலில ஊருற மாதிரி வாற அருவருப்புக்கு ‘அருக்குளிப்பு’. மயிர்க்கொட்டியைக் கண்டால் அருக்குளிக்கும். மயிர்க்கொட்டி எண்டது தமிழ்நாட்டில கம்பளிப்பூச்சி எண்டு சொல்லுற அதே புழு. குமட்டலுக்கு ‘வயித்தைப் பிரட்டுது’, ஓங்கரிப்புக்கு ‘ஓங்காளம்’, வாந்திக்கு ‘சத்தி’. ‘சத்தி வருது’ எண்டு எழுதினால் தமிழ்நாட்டு ஆக்கள் சக்தி எண்டு வாசிச்சுப்போடுவினம். குரலில பிரச்சினை இல்லை, வசன வரியில கவனம். அழுக்கு எங்களுக்கு ‘ஊத்தை’.

இன்னுமொண்டு. ‘மணக்குது’ எண்டால் யாழ்ப்பாணத்தில கெட்ட மணத்துக்கும் சொல்லுவம். புழுக் குழம்பைத் திறந்துபோட்டு அந்தப் பிள்ளை ‘மணக்குது’ எண்டால் சென்னையில பார்க்கிற ஆளுக்கு வாசனை நல்லா இருக்கு எண்டு விளங்கும். அந்த இடத்தில ‘நாறுது’ எண்டு போட்டால் இரண்டு பக்கமும் விளங்கும்.

கருமத்தை எங்கட ஆக்களுக்குக் குடுக்கிறதெண்டால் யோசிச்சுக் குடுங்கோ. இலங்கையில அது இன்னும் மரியாதையான அலுவலகச் சொல். ஆட்சிமொழியை ‘அரசகரும மொழி’ எண்டுதான் எழுதுறது, அந்தப் பெயரிலேயே ஒரு திணைக்களம் இருக்கு. தமிழ்நாட்டுப் படம் பார்த்துப் பழகின பிள்ளைகள் ‘கருமம்’ எண்டு சலிக்கலாம். அம்மம்மா வயசு ஆக்களின்ர வாயில அது ஒட்டாது.

ஏட்டுச்சுவடி:
இவ்வளவு சொற்களுக்கு நடுவே நல்ல தமிழ்ச் சொல்லான ‘இளிவரல்’ விட்டுப்போயிற்றே. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. நாட்டிய சாத்திரத்தின் எட்டுச் சுவைகளில் ஒன்றான பீபத்சத்துக்கு இதையே பலர் இணையாகச் சொல்கிறார்கள். வசனத்தில் இல்லாவிட்டாலும் குறிப்புகளிலாவது ‘இளிவரல்’ என்று எழுதலாம்.

சொற்கட்டு:
குறிப்பில் எழுதினாலும் நடிகரைத் தவறான உணர்ச்சிக்கு அனுப்பிவிடும். தொல்காப்பியமே இளிவரலுக்கு நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணங்கள், சொல்கிறது: ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு / யாப்புற வந்த இளிவரல் நான்கே.’ முதுமை, நோய், வருத்தம், எளிமை. புழுவும் அழுகலும் பட்டியலிலேயே இல்லை. தாழ்ந்துபோன நிலையை உணர்கிற கூச்சம் அது. குறள் 970இல் ‘இளிவரின் வாழாத மானம் உடையார்’ என்னும்போதும் பேசப்படுவது மானக்கேடுதான். பீபத்சத்தின் அடிப்படை உணர்ச்சியோ ஜுகுப்சை, அது நேராகவே அருவருப்பு. எட்டுக்கு எட்டு என்று எண்ணிக்கை பொருந்துவதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நடன ஆசிரியர்கள் பீபத்சத்துக்கு ‘அருவருப்பு’ என்று சொல்லிக்கொடுப்பதே சரி.

இளிவரலுக்கு இன்றைய பேச்சில் நெருங்கி வருவது ‘அசிங்கம்’தான். ‘நாலு பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு’, ‘என்னை அசிங்கப்படுத்திட்டான்’. இரண்டிலும் அருவருப்பு இல்லை, அவமானம்தான். அதே சொல் ‘அசிங்கத்தை மிதிச்சுட்டேன்’ என்றால் மலத்துக்கு இடக்கரடக்கல், ‘அசிங்கமாப் பேசுறான்’ என்றால் ஆபாசம். மூன்று வேலை செய்கிற சொல், அதனால்தான் சூழலைப் பார்க்காமல் போட முடியாது.

ஒலிக்கூடம்:
உதட்டசைவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, டப்பிங்கில் அது பாதி வேலை.

‘டிஸ்கஸ்டிங்’ மூன்று அசை. உதடு ஒருமுறைகூட ஒட்டாது, பல்லும் நாக்கும் மட்டுமே தெரியும். ‘அருவருப்பு’ ஐந்து அசை, கடைசி ‘ப்பு’வில் இரண்டு உதடும் மூடிக் குவியும். முகத்தை நெருக்கமாகக் காட்டும் ஷாட்டில் திறந்திருக்கும் வாய்க்கு மேல் ‘ப்பு’ கேட்டால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். ‘குமட்டுது’விலும் ‘ம’ இருக்கிறது. உதடு ஒட்டாத சொல் வேண்டுமென்றால் ‘சகிக்கல’. ‘கண்றாவி’யும் மூன்று அசை, ‘வி’யில் மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொடும், பெரிதாகத் தெரியாது. ‘அசிங்கம்’ அசையில் அருமையாக உட்காரும், நடுவில் ‘சிங்’ வேறு வருகிறது. பேச்சில் கடைசி ‘ம்’ மூக்கொலியாகிவிடுவதால் உதடு முழுதாக மூடாது. வசதியாக இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடுவார்கள், சொற்கட்டு சொன்ன மூன்று அர்த்தக் குழப்பம் அங்கேதான் வருகிறது.

பேசுகிறவர் முதுகு காட்டி நின்றாலோ, ஷாட் தூரத்தில் இருந்தாலோ இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அந்த இடங்களில் அர்த்தத்துக்கு எது சரியோ அதைப் போடுங்கள்.

சொற்கட்டு:
‘சகிக்கல’ நல்ல தேர்வு. அருவருப்புக்குக் கன்னடத்தில் ‘அசஹ்ய’, தெலுங்கில் ‘அசஹ்யம்’ என்பதே நடைமுறைச் சொல், அதே வேர். மலையாளத்தில் ‘அறப்பு’. பக்கத்து மொழிகளிலிருந்து வசனத்தை மாற்றும்போது இது உதவும்.

கூசாமொழி:
2ஆம் காட்சிக்கு வருகிறேன், கடினமானது அதுதான்.

ஒழுக்கக் கேட்டைச் சொல்லத் தமிழ் நாடுவது ‘கூசு’ என்ற வினையை. வெளிச்சத்தில் கண் கூசும், புளியில் பல் கூசும், கேவலப் பேச்சில் காது கூசும். இதை எதிர்மறையாக்கினால் குற்றச்சாட்டாகிவிடும்: நாக்கூசாமல் பொய் சொன்னான், மனம் கூசாமல் ஏமாற்றினான், கை கூசாமல் வாங்கினான். கூச வேண்டிய உறுப்பு கூசவில்லை என்பதுதான் குற்றம். லஞ்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது: ‘கை கூசாம வாங்கியிருக்கீங்க.’

அருவருப்பை ஒழுக்கத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்றில்லை. தமிழ் விவிலியத்தில் அது நிலைபெற்றுவிட்டது: ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’, நீதிமொழிகள் 11:1. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவி அந்தத் தொனியில் பேசுவது இயல்பே.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது, இதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். செயலை அருவருப்பு என்னலாம், பொருளை என்னலாம். ஆளின் பிறப்பை, தொழிலை, உடற்குறையை, நோயை அருவருப்பு என்று எழுதக் கூடாது. இந்த மண்ணில் சாதி வேலை செய்த விதமே இதுதான்: ஒரு கூட்டத்தின் மேல் அருவருப்பை ஏற்றிவிட்டு, பிறகு அதையே காரணமாகக் காட்டி ஒதுக்கியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும் குற்றங்களில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாயில் உண்ணத்தகாத, அருவருக்கத்தக்க பொருளைத் திணிப்பதும் ஒன்று. ‘அருவருக்கத்தக்க’ என்ற அடை அங்கே பொருளுக்குத்தான் வருகிறது, கொடுமைக்கு ஆளானவருக்கு அல்ல. எழுத்திலும் அப்படியே காப்பாற்றுங்கள். தூய்மைப் பணியைப் பற்றி ‘அருவருப்பான வேலை’ என்று எழுதுகிறார்கள். மனிதரை மலக்குழியில் இறக்குவதுதான் அருவருப்பானது. அந்த இரண்டு வாக்கியங்களில் குற்றவாளி யார் என்பதே மாறிவிடுகிறது.

உங்கள் தொடரில் வில்லனைப் பற்றி ‘அருவருப்பானவன்’ என்று எங்காவது இருந்தால் ‘அவன் பண்றது’ என்று செயலின் மேல் திருப்புங்கள். பேச்சுக்கும் அதுதான் இயல்பு.

வசனமேசை:
மிகவும் பயனாக இருந்தது. திருத்திய வரிகள்:

1. ‘ஐயே! புழு நெளியுது! வயித்தப் பொரட்டுது, மூடு மூடு!’
2. ‘கை கூசாம வாங்கியிருக்கே. ச்சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனா? அருவருப்பா இருக்கு, தொடாதே!’
3. ‘சீ, என்ன அரியண்டக் கதை கதைக்கிறான்!’ (பெரியம்மா யாழ்ப்பாணத்தவர்தான்.)
4. ‘கொழகொழன்னு இருக்கு… உவ்வே!’

2இல் மனைவி அதுவரை கணவனை ‘நீங்க’ என்றுதான் அழைக்கிறார். கோபத்தில் ‘நீ’க்கு இறக்கியிருக்கிறோம். அந்த ஷாட்டில் மனைவி திரும்பி நிற்கிறார், உதட்டசைவுப் பிரச்சினை இல்லை.

பனையோலை:
3 சரி. ஆனால் 1ஆவது வரியைப் பேசுற பிள்ளை அதே வீட்டுப் பிள்ளையோ? அப்பிடியெண்டால் ‘வயித்தைப் பிரட்டுது’ எண்டு மாத்துங்கோ. 4இலும் ‘கொழகொழ எண்டு இருக்கு.’

கூசாமொழி:
2இல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறீர்கள். ‘ச்சீ’, ‘நீயெல்லாம் ஒரு மனுஷனா’ இரண்டையும் எடுத்துவிடுங்கள், எந்தச் சீரியலிலும் வருகிற வரிகள் அவை. ‘நீ’க்கு இறங்குவது கோபத்தின் அடையாளம், கோபம் இருந்தால் சமாதானத்துக்கும் இடம் இருக்கிறது. அருவருப்பில் குரல் உயராது, மரியாதையும் மாறாது, உடம்பு மட்டும் விலகும். அவர் கையை நீட்டட்டும், மனைவி நகரட்டும். தொடரில் வேறெங்கும் வராத அந்தச் சொல் இங்கே மட்டும், தோலைப் பற்றியே வரட்டும்:

‘கை கூசாம வாங்கியிருக்கீங்க. (இடைவெளி) தொடாதீங்க. அருவருப்பா இருக்கு.’

ஒலிக்கூடம்:
அந்த இடைவெளியை ஸ்கிரிப்டில் நேரத்தோடு எழுதிக் கொடுங்கள், ஒன்றரை நொடி. எழுதாவிட்டால் குரல் கொடுப்பவர் மூன்று வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.